ஓரகத்தி கழுவிய காராமணி

எங்கள் காராமணி பார்க்கச் சின்னதுதான். வாலாஜாபாத் சந்தையில் வெளுத்த காராமணி விற்கிறார்களே, அதன் பக்கத்தில் வைத்தால் பாதிகூட வராது. செங்கல் நிறம். முளை வருகிற இடத்தைச் சுற்றி மை தீட்டின மாதிரி ஒரு வளையம். வேகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். எனக்கு எழுதுவதும் அப்படித்தான், எழுத்துக் கூட்டி நிதானமாகத்தான் வரும். ஆனால் வெந்த பிறகு கத்தரிக்காயோடு சேர்ந்து அது குழம்பில் கொடுக்கிற ருசியை வேறு எந்தப் பயறும் எனக்குக் கொடுத்ததில்லை. பெருமைக்குச் சொல்கிறாயா என்று கேட்டால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ருசியைவிடப் பெரிய குணம் ஒன்று அதற்கு உண்டு. அது தண்ணீர் கேட்காது. விதைக்கிற அன்றைக்கு மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். நடுவில் ஒரு மழை வந்தால் சந்தோஷம், வராவிட்டால் செத்துப்போகாது. உச்சி வெயிலில் இலையை மடித்துக்கொண்டு நிற்கும், சாயங்காலம் போய்ப் பார்த்தால் விரித்து வைத்திருக்கும். சரளை, மணல், எதில் போட்டாலும் வரும். ஏரித் தண்ணீர் பாய்கிற நிலத்துக்காரர்கள் நெல் வைத்தார்கள். நாங்கள் மேட்டுக்காரர்கள். மேட்டில் எங்களுக்கு வாய்த்தது கேழ்வரகும் இந்தக் காராமணியும்.

கம்பெனிகள் வந்தபோது மேடுதான் முதலில் போனது. அதற்காக நான் அழவில்லை. மாடியில் ரூம் கட்டி வாடகைக்கு விட்டோம். என் மகன் டிப்ளமோ முடித்து இருங்காட்டுக்கோட்டைக்கு ஷிப்டு போகிறான். வெயிலில் களை எடுத்த முதுகு எனக்குத்தான் தெரியும், அதை அவனுக்கும் கொடுக்க எனக்கு ஆசையில்லை. விதையை மட்டும் விட முடியவில்லை. ரோடு வளைந்து போனதில் கம்பெனிச் சுவருக்கும் ரோட்டுக்கும் நடுவே முக்கோணமாக ஒரு துண்டு எங்கள் பேரிலேயே நின்றுவிட்டது. அதில் வருஷா வருஷம் காராமணி போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். விதை வைத்திருக்கிறேன் என்றால் பானையில் பூட்டி வைத்திருப்பது இல்லை. மண்ணுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா கிடந்தால் வருஷத்துக்கு வருஷம் முளைப்பது குறையும்.

முன்பெல்லாம் இந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் இந்த விதை இருந்தது. ஒரு வீட்டில் கெட்டால் இன்னொரு வீட்டில் இருந்து வந்துவிடும். நிலம் போன பிறகு ஒவ்வொரு வீட்டிலும் அதைக் குழம்பு வைத்துத் தின்று முடித்தார்கள். தப்பு சொல்ல மாட்டேன், போட இடம் இல்லாமல் என்ன செய்வார்கள். கடைசியில் என்னிடம் மட்டும் நின்றது. அதிலும் போன வருஷம் நெற்று காய்கிற நேரத்தில் விடாமல் மழை கொட்டி, கொடியில் இருக்கும்போதே விதை முளைத்து வீணாகிவிட்டது. அதற்கு முந்தின வருஷத்து விதைதான் மிச்சம். ஒரு சின்னப் பானை. அது போனால் இந்த ஊரில் அந்தக் காராமணி இல்லை.

வண்டு விழாமல் இருக்க நாங்கள் விதையைச் செம்மண்ணில் கட்டி வைப்போம். செம்மண்ணைச் சலித்துக் கெட்டியாகக் குழைத்து, விதையை அதில் சட்டென்று புரட்டி எடுத்து வெயிலில் காயப்போட்டால் ஒவ்வொரு மணிக்கும் மேலே மண் தோல் பிடித்துக்கொள்ளும். வண்டு மூக்கை வைக்க முடியாது. அமாவாசைக்கு அமாவாசை எடுத்து வெயில் காட்டித் திரும்பப் பானையில் போடுவோம். பானையில் மூத்த மருமகள் கை மட்டும்தான் படலாம். அது என் மாமியார் வைத்துவிட்டுப் போன சட்டம். நான் மூத்த மருமகள். அதனால் அந்தச் சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்த சட்டம்.

இளைய மருமகள் என் ஓரகத்தி. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறாள். ஒரே வாசல், ரெண்டு சமையல்கட்டு. அவளுக்கும் வீட்டுக்காரர் இல்லை, எனக்கும் இல்லை. காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். பட்டு நூலைத் தொட்டே எத்தனை இழை என்று சொல்லுவாள், பயிரைப் பார்த்தால் எல்லாம் அவளுக்குக் கீரைதான். இந்த வயதிலும் ஒரு கம்பெனி கான்டீனுக்குப் போகிறாள். அரிசி, பருப்பு, காய்கறி கழுவுகிற இடத்தில் வேலை. சாப்பாட்டுத் தட்டில் ஒரு மண் துகள் கடிபட்டால் சூப்பர்வைசர் எல்லாரையும் நிற்கவைத்துக் கத்துவானாம். அதிலிருந்து மண் என்றாலே இவளுக்கு ஆகாது. வீட்டில் சேப்பங்கிழங்கு வாங்கினால்கூடத் தோல் உரிகிற வரைக்கும் தேய்ப்பாள்.

சித்திரை அமாவாசை அன்றைக்கு நான் விதையை மாடியில் வேட்டித் துணியில் பரப்பிவிட்டு, கண் காட்ட ஸ்ரீபெரும்புதூர் போனேன். கண்ணில் மருந்து ஊற்றி உட்காரவைத்துவிட்டார்கள். பஸ் கிடைத்து வர இருட்டிவிட்டது. மாடியில் துணியைக் காணோம். மகன் எடுத்து வைத்திருப்பான் என்று படுத்துவிட்டேன்.

காலையில் ஓரகத்தி குண்டான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாக வந்தாள்.

"யக்கா, உன் காராமணில எவ்ளோ மண்ணு கீது தெரியுமா. கண்ணு தெரியாதவன்னு கடைக்காரன் உன்ன நல்லா ஏமாத்திக்கீறான். நேத்து மேகம் கட்டுச்சேன்னு எறக்கினு வந்தேன், பாத்தா பூரா செம்மண்ணு. நாலு தண்ணி விட்டு அலசி ராத்திரியே ஊறப்போட்டேன். கத்தரிக்கா நான் வாங்கியாறேன்."

குண்டானுக்குள் கையை விட்டேன். எல்லாம் ஊதி, பெருத்து, வழவழவென்று இருந்தது. சிலதில் தோல் கிழிந்து வெள்ளையாகத் தெரிந்தது. அப்படியே வாசல்படியில் உட்கார்ந்தேன்.

"அடியே, அது வெதடி," என்றேன்.

அவள் முதலில் சிரித்தாள். விதையை யாராவது மண்ணில் புரட்டி வைப்பார்களா என்று கேட்டாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தப் பானைக்குள் என்ன இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று அவள் எட்டிப் பார்த்ததே இல்லை. பார்க்க நாங்கள் விட்டதும் இல்லை.

சந்தையில் ஒரு மூட்டையே வாங்கித் தருகிறேன் என்றாள். மூட்டையை வாங்கி நீயே தின்னு என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

ஊறின விதையைத் திரும்பக் காயவைத்தால் உயிர் போய்விடும். குண்டானில் விட்டால் அழுகிவிடும். ஒன்று, அன்றைக்கே மண்ணில் போட வேண்டும். இல்லாவிட்டால் அடுப்பில் போட வேண்டும். மாதமோ சித்திரை. கத்திரி வெயில் பிறக்கப் போகிறது. ஆடியில் மழை பார்த்துப் போடுகிற விதையை இந்த வெயிலில் யாரும் போட மாட்டார்கள். நான் போடுவது என்று அந்த வாசல்படியிலேயே முடிவு செய்துவிட்டேன். விதையை ஈரச் சாக்கில் பரப்பி மேலே இன்னொரு சாக்கை மூடினேன்.

மகன் நைட் ஷிப்டு முடித்து வந்தான். முக்கோணத்தில் ஷிப்டு பிள்ளைகளுக்கு பைக் ஸ்டாண்டு போடப்போவதாக அவன் ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தான். ஜல்லிகூட வந்து இறங்கியிருந்தது.

"ஆடி முடியற வரைக்கும் அந்த எடத்த எனக்குக் குடு," என்றேன். "அப்பறம் நீ இன்னா வேணா கட்டிக்கோ, வாயத் தொறக்க மாட்டேன்."

"நீ வாயத் தொறக்காம இருப்பன்னு நான் நம்பணும்," என்றான். ஆனால் சாப்பிட்டுத் தூங்காமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தான். அவன் என் பிள்ளை.

காய்ந்த மண்ணில் ஊறின விதையைப் போட்டால் மண் அதிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக் கொன்றுவிடும். அதனால் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி பறித்து, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, அது இறங்கின பிறகு விதையை வைத்து மேலே ரெண்டு விரல் கனத்துக்குப் பொடி மண்ணைத் தள்ளினோம். ஓரகத்தி அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து ஓரத்தில் நின்றாள். விதையைத் தொடாதே என்று சொன்னேன், தொடவில்லை. தண்ணீரை வைத்துவிட்டு வைத்துவிட்டுப் போனாள். தென்னமட்டையை வெட்டிக் குழிகளுக்கு மேலே நிழல் போட்டேன். சுற்றி வேலிக்கருவை முள்ளை வெட்டிப் போட்டோம்.

பாதிக்கு மேல் முளைக்கவில்லை. தோல் கிழிந்ததெல்லாம் மண்ணுக்குள்ளேயே கூழாகிவிட்டது. முளைத்ததில் கொஞ்சத்தை அணில் கிள்ளிக்கொண்டு போயிற்று. மிச்சம் நின்றதை நான் குடையைப் பிடித்துக்கொண்டு காவல் காத்தேன். லாரிக்காரர்கள் நிறுத்தி, "இன்னா ஆயா, ரோட்டோரம் கடை போட்டுட்டியா, டீ கெடைக்குமா," என்று கேட்பார்கள். ஒருத்தன் குடித்த டீ கப்பை முள்ளுக்குள்ளே வீசினான். இறங்கி வந்து எடுத்தால்தான் வண்டி நகரும் என்று அவன் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். எடுத்தான். மறுநாளில் இருந்து அவனே ஹாரன் அடித்துக் கும்பிடு போட்டுவிட்டுப் போவான்.

வெயில் ஏற ஏறச் செடி இலையை மடித்துக்கொண்டது. எனக்குப் பயம் இல்லை, அது அப்படித்தான் நிற்கும். ஆனால் கொஞ்ச நாளில் சுவரோரம் இருந்த வரிசை மட்டும் வேறு மாதிரி ஆனது. பச்சைப் பசேல் என்று இலை, கொடி ரெண்டு கையை விரித்த நீளத்துக்கு ஓடுகிறது, பூ மட்டும் இல்லை. இந்தக் காராமணிக்குத் தண்ணீர் காட்டினால் இப்படித்தான், சுகம் கண்டு கொடியாக ஓடும், காய்க்க மறந்துவிடும். மழையோ இல்லை. யார் வேலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் கம்பெனி பஸ் வருகிற நேரம் பார்த்துச் சுவர் நிழலில் நின்றேன். ஓரகத்தி பஸ்ஸை விட்டு இறங்கினாள். ரெண்டு கையிலும் தண்ணீர் கேன்.

"வாடிக் கெடக்கறதப் பாக்க முடியல யக்கா," என்றாள். "நான் செஞ்ச பாவத்துக்கு நான்தான ஊத்தணும்."

"அது வாடல. தூங்குது. நீ மத்தியானம் செத்த கண்ண மூடுனா உன் மூஞ்சில தண்ணி ஊத்துவாங்களா?"

"எங்க கான்டீன்ல ஊத்துவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தால் அன்றைக்குப் பெரிய சண்டை ஆகியிருக்கும். கேனைப் பிடுங்கி ரோட்டில் ஊற்றினேன். இனிமேல் ஒரு சொட்டு ஊற்றினால் நம் வீட்டு வாசலை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துவிடுவேன் என்றேன். அவள் வெறும் கேனை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

தண்ணீர் குடித்த வரிசையில்தான் அசுவினிப் பூச்சி விழுந்தது. கொழுத்த தளிரில் கறுப்பாக அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். விட்டால் பக்கத்து வரிசைக்கும் போகும். அதற்கு விடியலில் பனி காய்வதற்கு முன்னால் சாம்பல் தூவ வேண்டும். இப்போது எல்லார் வீட்டிலும் கேஸ், சாம்பலுக்கு எங்கே போவது. ஓரகத்திதான் வழி கண்டுபிடித்தாள். ஒரகடம் கூட்டுரோட்டில் விறகு அடுப்பு வைத்து இட்லி போடுகிறவளிடம் சொல்லி வைத்து, தினமும் ஒரு பை சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு கொடுப்பாள். இதைக் கழுவித் தரவில்லையா என்று கேட்டேன். முறைத்தாள். அவள் ஊற்றின வரிசைக்கு அவளே தூவட்டும் என்று விட்டேன். பஸ்ஸுக்குப் போகிறதுக்கு முன்னால் வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு தளிரையும் திருப்பிப் பார்த்துத் தூவுவாள். நூல் பார்த்த கண். ஒரு பூச்சி தப்பாது.

ஆனியில் ஒரு நாள் இடியோடு மழை வந்தது. அவ்வளவுதான் அதற்கு வேண்டியிருந்தது. ரோட்டோர வரிசையெல்லாம் பூத்துக் காய்த்தது. சுவரோர வரிசை பேருக்கு நாலு காய் வைத்தது. பச்சையில் ஒரு காயைக்கூட நான் பறிக்க விடவில்லை. மாடி ரூம் பெண்பிள்ளைகள் பொரியலுக்குக் கேட்டார்கள், அடுத்த வருஷம் வாருங்கள் என்றேன். நெற்று காய்ந்து வெளுத்ததும் விடியலில் போய்ப் பறிப்போம். வெயில் ஏறிவிட்டால் கை பட்டதும் வெடித்து மண்ணில் தெறித்துவிடும். முதல் பறிப்பில் வந்ததுதான் விதைக்கு. அதிலும் நெற்றின் ரெண்டு நுனியில் இருக்கிற மணியை ஒதுக்கிவிட்டு, நடுவில் இருக்கிறதை மட்டும் எடுப்போம். நான் உரிக்க உரிக்க, நுனி எது நடு எது என்று ஓரகத்தி பிரித்துப் போட்டாள். தொடாதே என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

எல்லாம் காய்ந்த பிறகு அளந்தால் பழைய பானையில் பாதிதான் வந்தது. குழம்புக்கு ஒரு மணி எடுக்கவில்லை. அந்தக் கத்தரிக்காய்க் குழம்பு இந்த வருஷம் கிடையாது, போகட்டும். ஆடி முடிந்தது. மகன் வாயைத் திறக்காமல் ஆட்களைக் கூட்டிவந்து முக்கோணத்தில் கம்பி நட்டான். நானும் சொன்ன சொல்படி வாயைத் திறக்கவில்லை.

பானையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். ஒரே பானை, ஒரே வீடு, ஒரே கை. ஒரு சாயங்காலம் நான் ஊரில் இல்லை, அதற்கே இந்தப் பாடு. நான் ஒரேயடியாக இல்லாமல் போகிற நாளும் வரத்தானே போகிறது. எனக்கு மாடியில் பெயின்ட் பக்கெட்டுகள் இருக்கின்றன, அதில் ரெண்டு கொடி ஏறும். ஆனால் பக்கெட்டை நம்பி ஒரு விதையை விட்டுவிட முடியாது.

விதை கொடுக்க எங்களுக்கு ஒரு முறை உண்டு. கையில் கொடுப்பதில்லை, முந்தானையை ஏந்த வேண்டும். வாங்குகிறவள் கேட்டு வாங்கக் கூடாது, கொடுக்கிறவள்தான் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். ஓரகத்தி காலையில் டிபன் டப்பாவோடு பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன்.

பானையைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தாள். "எனக்கு வேணாம் யக்கா. அது மூத்தவ கை பட்டது. நான் எதுனா பண்ணித் தொலைச்சிடுவேன்."

"உங்க அக்கா வூட்டுக்காரருக்கு வாலாஜாபாத் தாண்டி மேடு கீதுல்ல. அங்க போடு. நீயே போய் நின்னு போடு. அவங்களாண்ட குடுத்துட்டு வராத."

"எனக்கு இன்னா தெரியும்."

"தண்ணி ஊத்துனா இன்னா ஆவும்னு தெரியுமில்ல. அது போதும். முந்தானைய ஏந்துடி, பஸ் வந்துடப் போவுது."

ஏந்தினாள். பாதிக்குப் பாதி போட்டேன். அதற்குள் ரோட்டில் ஹாரன் கேட்டது. வீட்டுக்குள் போய் வைக்க நேரம் இல்லை. முந்தானையில் முடிச்சைப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு அப்படியே ஓடினாள்.

நாள் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அரிசி, பருப்புக்கு நடுவில் அந்த முடிச்சு அவிழ்ந்தால் என்ன ஆகும் என்றே நினைப்பு. சாயங்காலம் பஸ் வந்தது. இறங்கினவள் வாசலில் நின்று முதலில் முடிச்சைக் காட்டினாள். அவிழவில்லை. அப்புறம் நடந்ததைச் சொன்னாள்.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி நிறுத்திவிட்டாராம். ராமநாதபுரம் பக்கத்து மனுஷன், வயதானவர். இடுப்பில் என்ன என்று கேட்டு அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார். அவிழ்த்ததும் ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் உருட்டி உருட்டிப் பார்த்தாராம். எங்கள் பக்கம் இதைத் தட்டாம்பயறு என்போம், இவ்வளவு சின்னதாகச் சிவப்பாக நான் சின்ன வயதில் பார்த்தது, இப்போது எங்கேயும் இல்லை என்றாராம். ஒரு பிடி கொடுங்கள், ஊருக்குக் கொண்டுபோகிறேன் என்று கேட்டிருக்கிறார்.

"குடுத்தியா?" என்றேன்.

"குடுப்பனா. கேட்டு வாங்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அந்த ஒண்ணையும் கைலேருந்து திருப்பி வாங்கிக்கினு வந்துட்டேன்."

சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் மூத்த மருமகளாக அந்தப் பானையைத் திறக்கிறபோது என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

"அவருக்கு நெலம் கீதாமா?"

"கீதாம். மழையே காணாத காடாம்."

மழை காணாத காடு என்றால் அது இந்தக் காராமணிக்குச் சொந்த ஊர் மாதிரி. நாளைக்கு அவரைக் கூப்பிட்டுக் கொடு என்றேன்.

"அவருக்கு முந்தானைக்கு எங்க போறது?"

"தோள்ல துண்டு இருக்கும்ல, அத ஏந்தச் சொல்லு."

சரி என்றாள். ஆனால் தன்னுடைய முடிச்சில் இருந்து எடுக்க அவள் சம்மதிக்கவே இல்லை. இது என் பங்கு, வாலாஜாபாத்துக்கு அளந்து வைத்தது, குறையக் கூடாது என்று கறாராக நின்றாள். நான் மூத்தவள், எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை. மறுநாள் காலையில் கம்பெனி கேட்டுக்கு ஒரு பிடி போனது. அது என் பானையில் இருந்துதான் போனது.